மடிக்கணினியில் பச்சை, மேலே ஏற்றினால் சிவப்பு: கோடில் எழுதிய கண்காணிப்பு மக்கர் செய்தால்

எங்கள் ரெப்போவில் (கோட் இருக்கும் களஞ்சியத்தில்) கண்காணிப்புக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அறுபது சொச்சம் செக்குகள், அதாவது தளம் சரியாக இயங்குகிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள். பாதி, சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பதிலைப் பார்க்கும் ஏபிஐ செக்; பாதி, பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் என்ற கருவியில் எழுதிய பிரவுசர் செக். மெயின் கிளையில் கோட் சேர்ந்ததும் பைப்லைன் (கோடைத் தானாகச் சோதித்து ஏற்றும் படிவரிசை) அவற்றைக் கண்காணிப்புச் சேவையில் ஏற்றிவிடும். அங்கிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பல ஊர்களிலிருந்து, அவை ஓடிக்கொண்டிருக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ‘செக் அடிக்குது, தளம் நல்லாத்தானே இருக்கு?’ என்ற செய்தி வாரம் ஒருமுறையாவது எனக்கு வந்துவிடும். போய்ப் பார்த்தால் அதே பழைய பிழைகள், வேறு வேறு உடையில். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். செக்லி போன்ற கண்காணிப்புச் சேவையானாலும் சரி, கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கருவி) நீங்களே ஓடவிடும் ஸ்கிரிப்டானாலும் சரி, பெரும்பாலானவை பொருந்தும்.

எதிலும் கை வைப்பதற்கு முன், விழுந்த அந்த ஓட்டத்தின் லாக்கைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஊரிலிருந்து ஓடியது, எந்த முகவரிக்குப் போனது, என்ன பதில் வந்தது. ‘ஃபெயில் ஆச்சு’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 403ஆ, 502ஆ, டைம்அவுட்டா, சான்றிதழ்ப் பிழையா, அல்லது 200 (வெற்றி) வந்த பிறகும் அசர்ஷன் (பதில் இப்படி இருக்க வேண்டும் என்று செக்கில் எழுதிய நிபந்தனை) விழுந்ததா? இது தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்பதும் தெரிந்துவிடும்.

## அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, ஏற்றிய பிறகு விழுகிறது

சூழல் மாறி (முகவரி, சாவி போன்று கோடுக்கு வெளியே வைக்கும் மதிப்பு) அங்கே இல்லை. பத்தில் ஆறேழு முறை இதுதான் என்று அனுபவத்தில் சொல்வேன். உங்கள் கணினியில் அந்த மதிப்புகள் அடங்கிய என்வ் ஃபைல் இருக்கிறது. அதை கிட்டில் ஏற்றக் கூடாது என்பதால் ஏற்றவில்லை, சரி. ஆனால் அதே மதிப்புகளைச் சேவையின் பக்கத்தில் யாராவது போட்டார்களா? லாக்கில் கோரிக்கை போன முகவரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நடுவில் ‘அன்டிஃபைன்ட்’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். பல சமயம் ஆத்தரைசேஷன் ஹெட்டரில் ‘பேரர்’ என்ற சொல்லுக்குப் பிறகும் அதே ‘அன்டிஃபைன்ட்’ இருக்கும். சர்வர் பாவம், ஒழுங்காக 401 (யாரென்று தெரியவில்லை) கொடுத்திருக்கும்.

இதில் ஒரு குழி உண்டு. செக்லியின் டெஸ்ட் கட்டளை செக்கை உங்கள் கணினியில் ஓட்டுவதில்லை, மேலே கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு மட்டும் உங்கள் என்வ் ஃபைலைக் கூடவே அனுப்பும் வசதி அந்தக் கட்டளையில் இருக்கிறது. அதனால் டெஸ்ட் பச்சையாக வரும். டெப்ளாய் செய்த (சேவையில் ஏற்றிய) பிறகு, அட்டவணைப்படி ஓடும் முதல் ஓட்டமே விழும். ‘மேலேயே ஓட்டிப் பார்த்தேனே’ என்று சத்தியம் செய்வீர்கள். ஓட்டியது உண்மைதான், மாறிகள் கடன் வாங்கியவை.

மாறி இல்லாவிட்டால் செக்கின் முதல் வரியிலேயே, மாறியின் பெயரைச் சொல்லி எர்ரர் எறியும்படி எழுதிவிடுங்கள். ஐந்து வரி வேலை.

முகவரி உள்ளூர் முகவரி. பேஸ் யூஆர்எல் கிடைக்காவிட்டால் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (ஓடும் கணினிக்கே) போ என்று யாரோ ஒரு மாற்று மதிப்பை எழுதி வைத்திருப்பார்கள். அந்த மாற்று மதிப்பை எடுத்துவிடுங்கள். அதே லோக்கல்ஹோஸ்ட் பைப்லைனுக்குள்ளும் தொல்லை கொடுக்கும்: நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) 17 முதல் அந்தப் பெயர் ஐபிவி6இன் ::1 முகவரிக்குத் திரும்பக்கூடும். உங்கள் ஆப் 127.0.0.1இல் மட்டும் காத்திருந்தால் இணைப்பு மறுக்கப்படும். நேரடியாக 127.0.0.1 என்றே எழுதினால் அன்றோடு தொல்லை விட்டது.

விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கும் தளம். ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) தளத்துக்கு எழுதிய செக்கில் இது வரும். பதில் வராமல் டைம்அவுட் ஆகிறதா? உங்கள் விபிஎன்னை அணைத்துவிட்டு அதே முகவரியைக் கர்ல் கட்டளையில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் தொங்கினால் விடை கிடைத்துவிட்டது. உங்கள் நெட்வொர்க்குக்குள் ஒரு சிறிய ரன்னரை (செக்குகளை ஓட்டும் நிரல்) நிறுவி அங்கிருந்து ஓட்டுவதுதான் வழி. பல சேவைகள் இதற்குத் தனி ஏஜென்ட் தருகின்றன.

தேதியும் நேரமும். நாளில் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் விழுந்து, பிறகு தானாகச் சரியாகிறதா? மேலே உள்ள ரன்னர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடும். ‘இன்றைய தேதி பக்கத்தில் இருக்கிறதா’ என்று பார்க்கும் அசர்ஷன், உங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டியும் யூடிசியில் தாண்டாத அந்த இடைவெளியில் விழும். செக்குக்குள் நேர மண்டலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பாட் (தானியங்கி வருகையாளர்) தடுப்பு. 403 (அனுமதி மறுப்பு), 429 (அளவுக்கு மேல் கோரிக்கை), அல்லது 200 வந்தும் பக்கத்தில் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் திரை. பிரவுசர் செக்கானால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தாலே போதும். டேட்டா சென்டர் ஐபியிலிருந்து, தலையில்லா (திரை காட்டாத) பிரவுசரில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் போல வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? யூசர் ஏஜென்டை (பிரவுசர் தன்னைப் பற்றி அனுப்பும் பெயர்) வைத்து விதிவிலக்கு கொடுக்காதீர்கள், அதை எவரும் போலியாகப் போடலாம். செக் மட்டும் அனுப்பும் ஒரு ரகசிய ஹெட்டரை வைத்து வழிவிடச் சொல்லுங்கள். சேவை நிலையான ஐபி கொடுத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 429 வந்தால் பதிலில் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

*யாரைக் கூப்பிடுவது:* ஃபயர்வால் விதி உங்கள் கையில் இல்லையென்றால் இங்கே நிறுத்திவிட்டுப் பாதுகாப்புக் குழுவிடம் போங்கள். போகும்போது ரன்னரின் ஐபி, விழுந்த நேரம் யூடிசியில், பதிலில் வந்த கோரிக்கை ஐடி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு போனால் ‘எங்க பக்கம் எதுவும் இல்லையே’ என்ற பதில்தான் கிடைக்கும்.

## அறிகுறி: சில நேரம் விழுகிறது, அடுத்த ஓட்டத்தில் தானே சரியாகிறது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வகை இது. ஏனென்றால் எல்லோரும் முதலில் செய்வது ரீட்ரையை (விழுந்தால் மீண்டும் முயலும் எண்ணிக்கை) ஒன்றிலிருந்து மூன்றாக்குவது. பிழை போகாது, கண்ணில் படாமல் போகும்.

நிலையான காத்திருப்பு. செக்குக்குள் ‘மூன்று நொடி பொறு’ என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பக்கம் 2.9 நொடியில் வந்தால் பச்சை, 3.1 நொடியில் வந்தால் சிவப்பு. நொடியை ஐந்தாக்காதீர்கள், எந்தப் பொத்தான் தெரிய வேண்டுமோ அது தெரியும்வரை காத்திரு என்று மாற்றுங்கள். பிளேரைட்டில் எக்ஸ்பெக்ட் (அசர்ஷன் எழுதும் கட்டளை) தானாகவே 5 நொடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். முழு டெஸ்ட்டுக்கான வரம்பு 30 நொடி. இரண்டும் இயல்பாக இருக்கும் அளவுகள், கான்ஃபிகில் மாற்றலாம். லாக்கில் 30 நொடியில் விழுந்ததா 5 நொடியில் விழுந்ததா என்று பாருங்கள். 30 என்றால் ஏதோ ஒரு படி மொத்தமாகத் தொங்கியிருக்கிறது. 5 என்றால் பக்கம் வந்துவிட்டது, நீங்கள் தேடிய பொருள்தான் வரவில்லை.

செலக்டர் (பக்கத்தில் ஒரு பொருளைத் தேடும் குறிப்பு) நழுவுகிறது. சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரையோ ‘மூன்றாவது டிவ்’ என்பதையோ வைத்துத் தேடினால், வடிவமைப்பாளர் தும்மினாலும் செக் விழும். பொத்தானின் பெயரை வைத்து, அல்லது டெஸ்ட் ஐடி போட்டுத் தேடுங்கள். விழுந்த ஓட்டத்தின் டிரேஸ் ஃபைலை இறக்கி டிரேஸ் வியூவரில் திறந்தால், ஒவ்வொரு படியிலும் திரை எப்படி இருந்தது என்று தெரியும். குக்கி அனுமதிப் பட்டை பொத்தானின் மேல் வந்து மறைத்துக்கொண்டிருப்பதை இப்படிப் பலமுறை பிடித்திருக்கிறேன்.

செக்குகள் ஒன்றையொன்று மிதிக்கின்றன. ஒரு முறை கூடைச் செக் ஒன்று நாளுக்கு நான்கைந்து முறை விழுந்துகொண்டிருந்தது. படிகள் எளியவை: உள்நுழை, ஒரு பொருளைக் கூடையில் போடு, கூடை எண்ணிக்கை 1 என்று இருக்கிறதா பார், பொருளை எடுத்துவிடு. நெட்வொர்க், சர்வர், பிரவுசர் எல்லாவற்றையும் குடைந்து பார்த்தேன். கடைசியில் இரண்டு ஊர்களின் லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று ஊர்களிலிருந்து ஒரே பயனர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டங்கள் ஒரே நொடியில் மோதினால் கூடையில் 2. செக் சொன்னது சரி, எண்ணிக்கை 1 இல்லைதான். ஊருக்கு ஒரு பயனர் கணக்கு கொடுத்தேன், அதோடு முடிந்தது. கணக்கு கொடுக்க முடியாவிட்டால் ஊர்களை ஒரே நேரத்தில் ஓட்டாமல் சுழற்சி முறையில் ஓட்டும்படி மாற்றுங்கள்.

பல சர்வர்களில் ஒன்று மட்டும் நோயாளி. விழும் விகிதத்தை எண்ணுங்கள். லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்வது) பின்னால் நான்கு சர்வர், ஓட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விழுகிறது என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பதில் ஹெட்டரில் சர்வர் அடையாளத்தைப் போடச் சொல்லி, விழும்போதெல்லாம் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். ரீட்ரை இதை அழகாக மூடி மறைத்துவிடும்: முதல் முயற்சி நோயாளியிடம், இரண்டாவது நல்லவனிடம், முடிவு பச்சை. கண்காணிப்புத் திரைக்கு எல்லாம் நலம்; பயனர்களில் கால்வாசிப் பேருக்கு எர்ரர். அதனால் ரீட்ரை வைப்பதானால் ஒன்றோடு நிறுத்துங்கள். ரீட்ரையில் பிழைத்த ஓட்டங்களை வாரம் ஒருமுறை தனியாக எடுத்துப் பாருங்கள்.

*யாரைக் கூப்பிடுவது:* அதே சர்வரின் பெயர் மூன்று முறை வந்துவிட்டால் செக்கை நோண்டுவதை விட்டுவிட்டு உள்கட்டமைப்புக் குழுவை அழையுங்கள்.

## அறிகுறி: ஒரே ஊரிலிருந்து மட்டும் விழுகிறது

சேவையின் நிலைப் பக்கத்தைப் பாருங்கள், அந்த ஊர் ரன்னரே படுத்திருக்கலாம். அப்புறம் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பதிவு): சமீபத்தில் ஐபி மாற்றினீர்களா? பழைய பதிவின் டிடிஎல் (நினைவில் வைத்திருக்கும் காலம்) முடியும்வரை சில இடங்கள் பழைய முகவரிக்கே போகும். ஐபிவி6 முகவரிக்கான நான்கு-ஏ (AAAA) பதிவையும் மறக்காமல் பாருங்கள். ஐபிவி4 முகவரியை மாற்றிவிட்டு ஐபிவி6 முகவரியைப் பழையபடியே விட்டுவிடுவது சகஜம். ஐபிவி6 உள்ள இடத்திலிருந்து ஓடும் செக் மட்டும் விழும். இரண்டும் சரியென்றால் நாட்டு வாரித் தடையோ, அந்தப் பகுதி சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை) முனையில் பழைய கோப்பு தங்கியிருப்பதோ காரணமாக இருக்கலாம். அதற்கு சிடிஎன் நிறுவனத்தின் உதவி மையம்தான் கதி.

## அறிகுறி: சான்றிதழ்ப் பிழை, பிரவுசரிலோ தளம் நன்றாகத் திறக்கிறது

இடைநிலைச் சான்றிதழ் (தளத்தின் சான்றிதழை ரூட் சான்றிதழோடு இணைப்பது) இல்லை. சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி, இடையில் உள்ளதை அனுப்பாவிட்டால் பல பிரவுசர்கள் அதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். கர்லும் நோடும் பொதுவாக அப்படிச் செய்யாது. ‘முதல் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை’ என்ற பொருளில் நோட் எர்ரர் கொடுத்தால் இதுதான். முழுச் சங்கிலி உள்ள கோப்பை சர்வரில் வையுங்கள். செக்கில் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்தால் நாளை சான்றிதழ் காலாவதியாகும்போதும் செக் வாய் திறக்காது.

புதுப்பித்தாயிற்று, சர்வருக்குத் தெரியவில்லை. புதிய கோப்பு டிஸ்கில் இருக்கும், வெப் சர்வரோ பழையதை நினைவில் வைத்துக்கொண்டு ஓடும். ரீலோட் செய்தால் போதும்.

ரன்னர் பழையது. உங்கள் சொந்த ரன்னர் பல வருடமாகப் புதுப்பிக்காத இமேஜில் ஓடுகிறதா? 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசச் சான்றிதழ் தரும் அமைப்பு) சார்ந்திருந்த பழைய ரூட் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உள்ள இடங்களில் நல்ல தளங்களெல்லாம் பிழையாகத் தெரிந்தன. இமேஜைப் புதுப்பியுங்கள்.

காலாவதிக்கு இத்தனை நாள் இருக்கும்போது சொல் என்று ஒரு தனிச் செக் கட்டாயம் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த காலாவதி மின்னஞ்சல்கள் 2025 ஜூனில் நின்றுவிட்டன. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைகிறது: 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027இல் 100, 2029இல் 47. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் இந்த அலர்ட்டை அடிக்கடி பார்ப்பீர்கள்.

## அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனால் தளம் படுத்துக் கிடக்கிறது

சிவப்பைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன்.

200 மட்டும் பார்க்கிறீர்கள். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற பக்கத்தையும் சில தளங்கள் 200 போட்டுத்தான் அனுப்பும். ஜேசனில் பொருள் பட்டியல் காலியாக வந்தாலும் 200தான். பதிலின் உள்ளே இருக்கும் ஒரு மதிப்பையாவது அசர்ஷனில் பாருங்கள்; பட்டியல் நீளம் பூஜ்யத்துக்கு மேல் என்பதே நல்ல தொடக்கம்.

ரீடைரக்டைப் பின்தொடர்ந்து போய்விட்டது. டாஷ்போர்டைக் கேட்டீர்கள், டோக்கன் செத்ததால் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, லாகின் பக்கம் 200 கொடுத்தது. கடைசியாகப் போய் நின்ற முகவரியையும் அசர்ஷனில் சேருங்கள்.

சிடிஎன் கேஷிலிருந்து பதில். பின்னால் சர்வர் செத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், முகப்புப் பக்கம் மட்டும் சிடிஎன்னில் உயிரோடு இருக்கும். கேஷ் ஆகாத ஒரு ஏபிஐ பாதையைத் தனியாகக் கண்காணியுங்கள்.

செக் ஓடவே இல்லை. யாரோ டெப்ளாய் சமயத்தில் இடைநிறுத்தி, திரும்ப இயக்க மறந்திருப்பார்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸின் அட்டவணையில் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் அட்டவணை ஓட்டத்தைக் கிட்ஹப் நிறுத்திவிடும். குறைந்தபட்ச இடைவெளியும் 5 நிமிடம், நெரிசல் நேரத்தில் தாமதமும் ஆகும். ஓடாத செக் சிவப்பாகவும் ஆகாது. கடைசியாக ஓடிய நேரத்தைப் பாருங்கள். சொந்த ஸ்கிரிப்டானால், ஓடி முடிந்ததும் வேறொரு சேவைக்கு ஒரு ஹார்ட்பீட் (‘ஓடி முடித்தேன்’ என்ற சிறு செய்தி) அனுப்பச் சொல்லி, அது வராவிட்டால் அலர்ட் வரும்படி வையுங்கள்.

## அறிகுறி: டெப்ளாய் ஆயிற்று, செக்கைக் காணோம், அல்லது பழைய வரலாறு போய்விட்டது

காணோம் என்றால் முதலில் ஃபைல் பெயர். கான்ஃபிகில் சொன்ன வடிவத்துக்குள் அந்தப் பெயர் வருகிறதா? அடுத்து, பைப்லைன் எந்த அக்கவுன்ட் ஐடியில் ஏற்றியது? இரண்டு அக்கவுன்ட் வைத்திருப்பவர்கள் ‘காணோம்’ என்று தேடுவது பெரும்பாலும் தவறான வீட்டில். ஃபோர்க்கிலிருந்து (வேறொருவர் எடுத்த ரெப்போ நகல்) வந்த புல் ரிக்வெஸ்ட்டானால், கிட்ஹப் அதற்கு ரகசியங்களைக் கொடுக்காது. டெப்ளாய் படி அங்கே விழுவது இயல்புதான்.

வரலாறு போனது என்றால் லாஜிக்கல் ஐடியைப் பாருங்கள். செக்லியில் ஒவ்வொரு செக்குக்கும் கோடில் ஒரு நிலையான ஐடி உண்டு. பெயரை அழகுபடுத்துகிறேன் என்று அதையும் சேர்த்து மாற்றினால், பழைய செக் கோடில் இல்லாததாகக் கணக்காகி அழிக்கப்பட்டு, புதிய செக் ஒன்று பிறக்கும். காட்டும் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஐடியைத் தொடாதீர்கள். டெப்ளாய் கட்டளைக்கு முன்னோட்டம் காட்டும் விருப்பம் இருக்கிறது. ‘அழிக்கப்படும்’ என்ற வரி அதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு கிட் டிஃப்பைப் பாருங்கள். அழிந்த பிறகு, வரலாற்றை மீட்க முடியுமா என்று சேவையின் உதவி மையத்திடம் கேட்பதைத் தவிர நாமாகச் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி: அலர்ட் வரவில்லை, அல்லது வெள்ளமாக வருகிறது

வரவில்லையென்றால் வரிசையாக: செக் மியூட்டில் இருக்கிறதா, அலர்ட் சேனல் கோடில் இந்தச் செக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, ‘தொடர்ந்து இத்தனை முறை விழுந்தால்’ என்ற வரம்பு அளவுக்கு மேல் இருக்கிறதா, வெப்ஹுக் (அலர்ட் போய்ச் சேரும்) முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா. பதிலை மாற்றாமல் எதிர்பார்ப்பை மட்டும் தவறாக வைத்து, வேண்டுமென்றே விழும் ஒரு செக்கை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். தொலைபேசி அடித்தால்தான் நம்புவேன்.

வெள்ளமாக வருவது பெரும்பாலும் டெப்ளாய் நேரத்தில். பைப்லைன் செக்குகளை ஏற்றிவிட்டது, அவை சோதிக்கும் புதிய ஏபிஐ இன்னும் எல்லா சர்வருக்கும் போய்ச் சேரவில்லை. வரிசையை மாற்றுங்கள்: ஆப் முழுதாக ஏறட்டும், அதே செக்குகளைப் பைப்லைனில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும், பச்சை வந்த பிறகு கண்காணிப்பு ஏறட்டும்.

## அறிகுறி: சேவையின் பில் எகிறுகிறது

கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 30 நாளில் 43,200 ஓட்டம். மூன்று ஊரிலிருந்து ஒரே நேரத்தில் என்றால் 1,29,600. அதுவும் ஒரே ஒரு செக்குக்கு. இதையே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஊரிலிருந்து என்று வைத்தால் 4,320.

பிரவுசர் செக்குகளில் எது உண்மையிலேயே பிரவுசர் கேட்கிறது என்று பாருங்கள். எங்களிடம் பதினோரு பிரவுசர் செக்குகள் ஒரு பக்கத்தைத் திறந்து, தலைப்பைப் படித்து, மூடிக்கொண்டிருந்தன. அவற்றை ஏபிஐ செக்காக மாற்றியபோது யாரும் கவனிக்கவேயில்லை. உள்நுழைதல், பணம் செலுத்தும் பாதை, தேடல் போன்றவற்றுக்குப் பிரவுசரை வைத்துக்கொண்டு, மற்றதை ஏபிஐக்குத் தள்ளுங்கள். இடைவெளியை ஒவ்வொரு ஃபைலிலும் எழுதாமல் கான்ஃபிகில் ஒரே இடத்தில் வையுங்கள். யாராவது அவசரத்துக்கு ஒரு நிமிடமாக்கினால் அது புல் ரிக்வெஸ்ட்டில் தெரியும், ‘எதுக்கு?’ என்று அப்போதே கேட்டுவிடலாம்.